உலகைச் சுற்றி வந்தும் கோல்ட் கிடைக்காமல் போவது ஏன்?

போன மாதம் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே போர்டிங் பாஸ்கள், தேதி வரிசை பிசகாமல். நவம்பர் நடுவில் சென்னையிலிருந்து கிளம்பி, கொழும்பு வழியாக மெல்போர்னில் மகள் வீடு, அப்புறம் பசிபிக்கைத் தாண்டி டல்லஸில் மகன் வீடு, லண்டனில் தம்பி வீடு என்று போய், தோஹா வழியாகப் பிப்ரவரியில் ஊர் திரும்பியிருக்கிறார். மனைவியும் கூடவே. இருவருக்கும் பிசினஸ் கிளாஸ். "இவ்வளவு பறந்தும் கோல்ட் வரலையே, ஏன் சார்?" என்று கேட்டார். கோல்ட் என்பது, அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் தரும் உயர்நிலை உறுப்பினர் தகுதி.

போர்டிங் பாஸ்களின் தேதியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பறப்பதற்கு 'மைல்' என்ற பெயரில் புள்ளிகள் ஏற்றி, இலக்கை எட்டினால் கோல்ட் தரும் திட்டங்கள் உண்டு. அவர் சேர்ந்திருந்த திட்டம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று கணக்கு வைக்கிறது. பயணத்தில் பாதி ஒரு வருடத்திலும் மீதி அடுத்த வருடத்திலும் விழுந்துவிட்டது. இரண்டு வருடத்திலும் இலக்கு எட்டவில்லை. ஏழு எட்டு வாரம் தள்ளி, ஜனவரியில் கிளம்பியிருந்தால் மொத்தமும் ஒரே வருடக் கணக்கில் ஏறியிருக்கும். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இருபது வருடமாக டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். உலகச் சுற்று டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் ஊர்ப் பட்டியலோடுதான் வருவார்கள். நான் முதலில் கேட்பது, "எந்தத் திட்டத்தில் மைல் ஏற்றப் போகிறீர்கள்?" என்பதைத்தான். அது முடிவானால்தான் தேதி, வழி, கிளாஸ் எல்லாம் முடிவாகும்.

டிக்கெட்டின் விதிகள் சுருக்கமாக. ஒன்வேர்ல்டு, ஸ்டார் அலையன்ஸ் இரண்டும் விமான நிறுவனங்களின் கூட்டணிகள். ஒன்வேர்ல்டின் எக்ஸ்ப்ளோரர் என்ற உலகச் சுற்று டிக்கெட்டுக்கு எத்தனை கண்டம் தொடுகிறோம் என்பதை வைத்து விலை. ஸ்டார் அலையன்ஸில் எத்தனை மைல் என்பதை வைத்து. இரண்டிலும் அதிகபட்சம் 16 செக்டர் (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் ஒரு கட்டம்), ஒரு வருடம் செல்லும். அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் ஒரே திசையில் கடக்க வேண்டும். கிளம்பிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். நடுவில் ரயிலிலோ காரிலோ போகும் தூரம்கூட ஒரு செக்டராகக் கணக்கில் வரும், ஆனால் அதற்கு மைல் கிடைக்காது. இன்னொன்று, ஒன்வேர்ல்டு கணக்கில் தோஹா ஐரோப்பாவோடு சேர்ந்தது, ஆசியாவோடு அல்ல. பெரியவர் போன வழிக்கு ஆசியா, தென்மேற்கு பசிபிக், வட அமெரிக்கா, ஐரோப்பா என்று நான்கு கண்டம்.

அடுத்தது அந்த ஒற்றை எழுத்து. உங்கள் பயண விவரத்தாளில் ஒவ்வொரு விமான எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் புக்கிங் கிளாஸ். ஒன்வேர்ல்டு உலகச் சுற்றில் பிசினஸுக்கு 'டி', எகானமிக்கு 'எல்'. எத்தனை மைல் ஏறும் என்பதை இருக்கை தீர்மானிப்பதில்லை, இந்த எழுத்துதான் தீர்மானிக்கிறது. 'எல்' எழுத்துக்குப் பல திட்டங்களில் முழு மைல் தருவதில்லை. பிசினஸ் டிக்கெட்டிலேயே ஒரு செக்டரில் 'டி' காலியில்லை என்று எகானமியில் போட்டுவிடுவதும் உண்டு. அந்த செக்டருக்கு எகானமி கணக்குதான். அதனால் நான் தாளைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் வரிவரியாக எழுத்தை டிக் அடிப்பேன். பதினாறு வரிக்குப் பத்து நிமிடம் ஆகும். நீங்களும் பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் எலைட் கோல்டுக்கு 12 மாதத்தில் 50,000 எலைட் மைல், அதாவது தகுதிக்கு எண்ணப்படும் மைல், வேண்டும். ஸ்டார் அலையன்ஸின் பெரிய உலகச் சுற்று டிக்கெட் 39,000 மைல். பறந்த தூரத்துக்கு 125 விழுக்காடு மைல் தரும் கிளாஸில் முழுக்கப் பறந்தாலும் 48,750தான். கோல்டுக்கு 1,250 மைல் குறைகிறது! சென்னை–சிங்கப்பூர் ஒருமுறை போய்வந்தால், டிக்கெட்டின் கிளாஸைப் பார்த்து எடுத்திருந்தால், அந்தக் குறை தீர்ந்துவிடும். ஆனால் அதே 12 மாதத்துக்குள் போயாக வேண்டும். இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது வேறு, திரும்பி வந்தபின் தெரிந்துகொள்வது வேறு.

திட்டத்துக்குத் திட்டம் நிபந்தனை மாறும். குவாண்டாஸில் வருடம் என்பது நீங்கள் சேர்ந்த மாதத்திலிருந்து ஓடும்; குவாண்டாஸ் அல்லது ஜெட்ஸ்டார் விமானத்தில் நான்கு செக்டராவது பறந்திருக்க வேண்டும். யுனைடெட்டில் காலண்டர் வருடம், அங்கும் சொந்த விமானம் நான்கு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் தன் விமானங்களுக்குப் பறந்த தூரத்தை விட்டுவிட்டு, செலவழித்த பவுண்டைக் கணக்கில் எடுக்கிறது. அதற்கு முன் யாராவது சொன்ன யோசனையை வைத்துக்கொண்டு இன்று டிக்கெட் எடுக்காதீர்கள்.

தம்பதிகள் கவனிக்க வேண்டியது: மனைவி பறந்த மைல் கணவரின் கோல்டு தகுதிக்குச் சேராது. இருவருக்கும் தனித்தனி உறுப்பினர் எண் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அந்தக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் தகராறு செய்யும். அப்புறம், எந்த செக்டரையும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். ஒன்றில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் ரத்தாகிவிடும். தேதியை மாற்றுவது பெரும்பாலும் எளிது, ஊரை மாற்றினால்தான் பணம்.

வேறொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஓரிரு வருடத்தில் பறக்கப் போவதில்லை என்றால் கோல்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்காதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து, வருடா வருடம் எகானமியில் போய்வரும் பெற்றோருக்குத்தான் அது உண்மையில் உதவுகிறது. ஸ்டார் கோல்டுக்குக் கூடுதலாக 20 கிலோ அல்லது ஒரு பெட்டி, நடுராத்திரி மாறும் ஊரில் சாய்ந்து உட்கார ஒரு லவுஞ்ச். அறுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு காத்திருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

பெரியவரின் ஃபைலுக்கு வருகிறேன். அவர் மனைவியின் கணக்கைத் திறந்து பார்த்தால் இரண்டு செக்டருக்கு மைலே ஏறவில்லை. ஒரு டிக்கெட் எண்ணில் நான்கு செக்டர்தான் அடங்கும் என்பதால், இம்மாதிரி நீண்ட பயணத்துக்கு அடுத்தடுத்த எண்களில் மூன்று நான்கு டிக்கெட் இருக்கும். எந்த செக்டர் எந்த எண்ணில் என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும். அம்மா எல்லா போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருந்ததால் இரண்டுக்கும் அன்றே கிளெய்ம் போட்டோம். அடுத்த பயணத்துக்குத் தேதி கேட்டபோது காலண்டரைத் தன் பக்கம் இழுத்து, ஜனவரியைத் திருப்பி வைத்தவர் அந்த அம்மாதான்.