கேம் செயின் தளர்ந்தால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இந்தக் கணக்கைக் காப்பது ஒரு மெல்லிய செயின். அது 'நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் 'பின்' எனும் இணைப்பு ஊசியும் அது சுழலும் துளையும் மயிரிழை அளவு தேய, அத்தனை கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் வந்து நிற்கிறது.

பொதுவாகக் கேமை இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்கும். தொய்வு மறுபக்கத்தில் சேரும். செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனர் அழுத்துவது அந்தத் தொய்வைத்தான். ஆகவே அது சத்தத்தை அடக்கும். ஆனால் இழுக்கும் பக்கம் நீண்டதால் வால்வுகள் தாமதமாகத் திறப்பதை அதனால் திருத்த முடியாது.

ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சிலிண்டர் பகுதியிலிருந்து ஒழுங்கற்ற கலகலப்புக் கேட்டு, எஞ்சின் வேகம் ஏறியதும் அது குறைந்தால், கேம் செயினைச் சந்தேகிக்கலாம். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்டின் ஓசை தாளம் தவறாத டிக் டிக். பல சிலிண்டர் எஞ்சினில் கார்புரேட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும் இதே கலகலப்பு வரும் என்பதால், டாப்பெட்டையும் கார்புரேட்டரையும் முதலில் சரிபார்ப்பதே நல்லது. கேம் ஷாஃப்ட் முனையில் பாயின்ட் (தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) உள்ள எஞ்சின் என்றால், தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கே சாட்சி சொல்லும்: செயின் தளர்ந்திருந்தால் அந்த ஒளியில் தெரியும் டைமிங் கோடு ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். வேகம் ஏற ஏறத் தீப்பொறியை முன்கூட்டும் அட்வான்ஸர் தேய்ந்திருந்தாலும் இந்த நடுக்கம் வரும். அதையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

செயினைக் குறை சொல்லும் முன் டென்ஷனரை வெளியே எடுத்துப் பார்ப்பது அவசியம். கையால் சரிசெய்யும் வகையில், ஸ்பிரிங் தள்ளும் பிளஞ்சர் என்ற தண்டை ஒரு போல்ட்டின் நுனி பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிறது. போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் பிளஞ்சரின் மேல் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். விரல் நகத்தால் தடவினாலே அது தட்டுப்படும். பிறகு எத்தனை முறை தளர்த்தி இறுக்கினாலும் போல்ட் நுனி அதே குழியில் போய் உட்கார, சரிசெய்ததாக நாம் நினைப்போம்; செயின் தளர்ந்தே இருக்கும். உறைந்த பழைய எண்ணெயும் பிளஞ்சரை இப்படியே நகரவிடாமல் பிடித்துவைக்கும்.

சரிசெய்யும்போது கிராங்க் நிற்க வேண்டிய நிலையைச் சர்வீஸ் புத்தகம் குறிப்பதற்குக் காரணம் உண்டு. வால்வு ஸ்பிரிங்குகள் கேமைத் திருப்ப முயல்வதால், தவறான நிலையில் தொய்வு டென்ஷனர் இருக்கும் பக்கத்திற்கு வராமல் போகலாம். எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பவே கூடாது. தளர்ந்த செயின் பல் தாவிவிடும். கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 32 பற்கள் என்றால், ஒரு பல் தாவினாலே கிராங்க் அளவில் 22.5 பாகை பிசகும். சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோத அதுவே போதும்.

பிளஞ்சர் முழுநீளம் வெளியே வந்தும் கலகலப்பு அடங்கவில்லை என்றால் புதுச் செயின் போடுவதைத் தவிர வழியில்லை. கூடவே எண்ணெய் வடிகட்டியைத் திறந்து பாருங்கள்; கறுப்பு ரப்பர் துணுக்குகள் தென்பட்டால் செயின் உரசும் கைடுகளையும் மாற்றியாக வேண்டும்.