படகின் பின்பக்கத்தில் கயிறு கிடக்கக் கூடாது

உவரி, மணப்பாடு, பெரியதாழை பக்கத்து ஃபைபர் வள்ளங்களுக்கு பின்பக்கத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். "எஞ்சின் இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லித் தூக்கி வருவார்கள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் நான் புரொப்பல்லரைத்தான் கழற்றுவேன். பல நேரம் பிரச்சினை அங்கேயே இருக்கும். கயிற்றுத் துண்டு, வலைத் துண்டு, பெரும்பாலும் தங்கூஸ், அதாவது தூண்டிலுக்கும் வலைக்கும் போடும் நைலான் ஒற்றை இழை.

தங்கூஸ் செய்கிற வேலை வெளியே தெரியாது. கயிறு சுற்றினால் எஞ்சின் திணறும், நின்றுவிடும், உடனே பார்த்துவிடலாம். தங்கூஸ் ஒரு சின்ன இழை. புரொப்பல்லருக்குப் பின்னால் புகுந்து ஷாஃப்ட்டில் இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓட ஓட அது சூடாகி இளகி, கெட்டியான வளையமாகிவிடும். அந்த வளையம் ஆயில் சீலின் ரப்பர் உதட்டை அறுக்கும். சீல் போனால் கியர் ஆயில் வெளியே கசியும், உப்புத் தண்ணீர் உள்ளே போகும். அடியில் இருக்கும் ஆயில் ஸ்குருவைத் திருகும்போது ஆயில் பால் விட்ட காப்பி போல வந்தால், தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்துத் தேய்ந்துபோகும். சீல் மலிவு. அதைக் கவனிக்காமல் விட்டால் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டியிருக்கும். அது பல மாத உழைப்பைத் தின்றுவிடும்.

அதனால் நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றும்போது புரொப்பல்லரையும் கழற்றிப் பாருங்கள். காட்டர் பின்னை எடுத்து, நட்டைத் திருகினால் போதும், புரொப்பல்லர் கையோடு வந்துவிடும். பின்னால் இருக்கும் வாஷரையும் எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். வலை விரிப்பவர்கள் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், அடிக்கடி பார்ப்பது நல்லது. மாட்டும்போது பழைய பின்னையே நிமிர்த்திப் போடாதீர்கள், புதுப் பின் போடுங்கள்.

சரி, இந்தக் கயிறெல்லாம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் கடலில் மிதந்து வருவது. மிச்சம் நம் படகிலிருந்தே போவது. வலையும் பெட்டியும் அணியத்திலும் (படகின் முன்பக்கம்) நடுவிலும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், மிதவைக் கயிறு, கட்டுக் கயிறு, உபரிக் கயிறு எல்லாம் ஓட்டுகிறவரின் காலடிக்கு வந்து சேரும். ஒரு அலை ஏறி இறங்கினால் அதன் முனை விளிம்பைத் தாண்டும். நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும். பிளாஸ்டிக் கயிறு என்று நாம் சொல்லும் பாலிப்ரொப்பிலீன் கயிறு மூழ்காது. மிதந்தபடி பின்னால் போய் நேராக எஞ்சினில் மாட்டும். ஓட்டுகிறவர் உட்காரும் பலகைக்குப் பின்னால் எந்தக் கயிறும் இருக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள்.

எரிபொருள் குழாயையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நனைந்த வலைக் குவியலோ பெட்டியோ அந்த ரப்பர் குழாயின் மேல் உட்கார்ந்தால், கார்புரேட்டரில் இருக்கிற எண்ணெய் தீரும்வரை எஞ்சின் ஓடும், பிறகு நிற்கும். நடுக்கடலில் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோகும். கரைக்கு வந்து வலையை இறக்கியதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். "என்னன்னே தெரியல அண்ணே" என்று என்னிடம் வருவார்கள். குழாயைப் படகின் ஓரமாகக் கொண்டுபோய் இரண்டு இடத்தில் கிளிப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எஞ்சினைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். ஆளை அப்படிச் செய்ய முடியாது. நங்கூரம் போடும்போதும் வலை விரிக்கும்போதும் கயிறு ஓடுகிற வேகத்தில், தரையில் கிடக்கும் ஒரு வளையத்துக்குள் கால் இருந்தால் அது கணுக்காலில் இறுகிவிடும். படகு முன்னால் போய்க்கொண்டிருக்கும், வலையோ நங்கூரமோ பின்னாலும் கீழேயும் இழுக்கும். நல்ல நீச்சல்காரனுக்கும் அங்கே நீச்சல் உதவாது. விரிக்கிறவர் வலைக் குவியலுக்குள் நிற்கக் கூடாது, பக்கத்தில் தரை தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். மோதிரம், கைக்கயிறு, தொங்குகிற சட்டை வேண்டாம். விரிக்கிறவரின் கண்ணுக்கு எதிரே ஓட்டுகிறவர் இருக்க வேண்டும், ஒரு சத்தம் கொடுத்தால் உடனே நிறுத்த வேண்டும். புதிதாக வரும் பையனுக்கு முதல் நாள் சொல்லித்தர வேண்டியது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான்.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்துகிற அந்தச் சிவப்புச் சுருள் கயிறு ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டியது. பல படகுகளில் அது ஹேண்டிலிலேயே சுற்றிக் கிடக்கிறது. கயிறு தட்டி அவர் விழுந்தால் எஞ்சின் நிற்காது. படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரலாம்.

அடுக்கும் முறைக்கு வருவோம். நங்கூரக் கயிற்றுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டி, அடியில் ஓட்டை உள்ளது, அணியத்தில் கட்டி வையுங்கள். கயிற்றின் கடைசி முனையை முதலில் படகில் கட்டிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து பெட்டிக்குள் விட்டுக்கொண்டே வந்தால், நங்கூர முனை மேலே இருக்கும். போடும்போது சிக்காமல் ஓடும். வளைய வளையமாகச் சுற்றி வைப்பதாக இருந்தால், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மூன்று புரிக் கயிற்றை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் புரி முறுக்கிக்கொண்டு நடுவில் முடிச்சு விழும். பத்துப் பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) தண்ணீரில் நிற்க முப்பது பாகமாவது கயிறு விட வேண்டும், காற்று இருந்தால் ஐம்பது. அவ்வளவு கயிறு தரையில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே நீளக் கயிற்றில் நிறையக் கொக்கி தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் என்றால் கொக்கிகளைத் தொட்டியின் விளிம்பில் வரிசையாகக் குத்தி, கயிற்றை உள்ளே விட வேண்டும். இதைப் பெரியவர்கள் எல்லோரும் செய்கிறார்கள், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரைக்கு வந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு சொரசொரத்துத் தூள் உதிரும். அது நங்கூரத்துக்கு ஆகாது. வெட்டிய தங்கூஸ் துண்டுகளைப் போட ஒரு பழைய கேனைக் கட்டி வைத்து, கரைக்கே கொண்டுவாருங்கள். கடலில் எறிந்தால் கடலடிப் பாறையில் சிக்கி ஆமையையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும். படகுக்குள்ளேயே விட்டால், தண்ணீர் இறைக்கும்போது பம்பை அடைக்கும். இறைக்கிற வாளியும் லைஃப் ஜாக்கெட்டும் வலைக்கு அடியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் மாட்டத்தான் செய்யும். அப்போது முதலில் எஞ்சினை நிறுத்தி, அந்தச் சிவப்புக் கயிற்றையும் பிடுங்கிவிடுங்கள். படகு அலைக்குக் குறுக்கே திரும்புவதற்குள் அணியத்திலிருந்து நங்கூரத்தைப் போடுங்கள். ஒருபோதும் பின்பக்கத்திலிருந்து போட வேண்டாம், அலை நேராக எஞ்சின் வழியாக உள்ளே ஏறிவிடும். நங்கூரம் எட்டாத ஆழம் என்றால், ஒரு வாளியையோ வலை மூட்டையையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விட்டாலும் படகு ஓரளவு அலையைப் பார்த்து நிற்கும். பிறகு நியூட்ரலில் எஞ்சினைத் தூக்கிவைத்து, புரொப்பல்லரைக் கையால் எதிர்ப்பக்கம் சுழற்றிப் பாருங்கள். நிறையச் சுற்று அப்படியே அவிழ்ந்துவிடும். மிச்சத்தை ரம்பப்பல் கத்தியால் அறுங்கள், மழமழப்பான மீன் கத்தி பிளாஸ்டிக் கயிற்றில் வழுக்கும். அந்தக் கத்தி உறையோடு ஓட்டுகிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் கட்டியிருக்க வேண்டும். கடலில் இறங்கி அறுக்க வேண்டாம். எதுவும் முடியவில்லை என்றால் பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள். போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண், வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16. கரைக்கு வந்த பிறகு, எஞ்சின் நன்றாக ஓடினாலும் புரொப்பல்லரைக் கழற்றி, ஷாஃப்ட்டில் மிச்ச இழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நாள் கடலுக்குப் போங்கள்.