நுரைக்கு எங்கிருந்து வந்தது வெள்ளை?

சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்போ காலையிலோதான் சிங்கப்பூருக்குள் நுழையும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அந்நேரம் ஈஸ்ட் கோஸ்ட் கரையிலிருந்து பார்த்தால் கடல் ஈயச் சாம்பலாகி, மேலே நுரை வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும். தண்ணீருக்கும் நிறமில்லை, காற்றுக்கும் நிறமில்லை. அப்புறம் இந்த வெள்ளை எப்படி? எண்ணெய் வண்ணத்தில் அதை எப்படித் தீட்டுவது?

ஒளி ஒரு பொருளைவிட்டு இன்னொன்றுக்குள் போகும்போது கொஞ்சம் வளையும், கொஞ்சம் திரும்பிவிடும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் அளவுதான் ஒளிவிலகல் எண். இரண்டின் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு அதிகமாகத் திரும்பும். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. நுரையில் கணக்கில்லாத குமிழிகள். ஒவ்வொரு குமிழிச் சுவரிலும் ஒளி பட்டுச் சிதறி, எல்லா நிறமும் கலந்தே கண்ணுக்கு வருகிறது. உணவங்காடியில் ஐஸ் கச்சாங் செய்யும்போது தெளிந்த பனிக்கட்டி சீவியதும் வெள்ளையாகிவிடுகிறதே, அதே சங்கதிதான்.

நிறத்தூளை எண்ணெயில் குழைத்துச் செய்யும் எண்ணெய் வண்ணமும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆளிவிதை எண்ணெயின் எண் ஏறத்தாழ 1.48. சாக்கட்டித் தூளுக்கு 1.6 பக்கம். வேறுபாடு சொற்பம் என்பதால், காய்ந்த தூளாகப் பளிச்சென்று இருக்கும் சாக்கட்டி, எண்ணெயில் குழைத்ததும் வெளுப்பை இழந்து அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். டைட்டேனியம் வெள்ளைக்கோ 2.7. மெல்லிய பூச்சே போதும், கீழே இருப்பது மறைந்துவிடும்.

அல்ட்ராமரின் நீலம் 1.5 பக்கம். அதாவது எண்ணெயில் ஒளியை உள்ளே விடும். உடையப்போகும் அலையின் மெல்லிய முகட்டில் தெரியும் பச்சை ஒளிர்வுக்கு இந்த வகை வண்ணங்கள்தான் வேண்டும். காய்ந்த வெளிர் பூச்சின்மேல் நீலமும் மஞ்சளும் சேர்ந்த பச்சையை மெல்லப் பூசினால், ஒளி அதைக் கடந்து அடியில் பட்டு, மறுபடி அதே நிறத்தின் வழியாகவே வெளியே வரும்.

சமூக மன்ற வகுப்புகளில் புதிதாகப் புயல்கடல் வரைபவர்கள் ட்யூபிலிருந்து வெள்ளையை அப்படியே பிதுக்கி நுரை போடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கருமேகத்தின் கீழ் நுரைக்குக் கிடைப்பதே கொஞ்சம் வெளிச்சம், பாதி நுரை சாம்பல்தான். கடலின் நிறமும் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. செங்குத்தாகப் பார்த்தால் தண்ணீர் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பும். தொலைவில் சாய்வாகப் பார்க்கும்போது அது பல மடங்கு கூடும். அதனால் தூரத்துக் கடல் வானத்தின் நிறத்தில் இருக்கும், நம்மை நோக்கி எழும் அலையின் முகம் கருத்துக் கிடக்கும்.

ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் இது இன்னும் மெதுவாகும். தடித்த நுரை மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இளகியே கிடக்கும். அடிப்பூச்சுக்கு அம்பர் (umber) என்ற பழுப்பு மண் நிறம் நல்லது, அதிலுள்ள மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்தும்.

காய்ந்த பிறகும் கதை முடியாது. எண்ணெய்க்கு வயதாக ஆக அதன் ஒளிவிலகல் எண் மெல்ல ஏறும். ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் பனிப்புயலில் சிக்கிய நீராவிக் கப்பலைத் தீட்டிய காலத்தில் டைட்டேனியம் வெள்ளை கிடையாது, ஈய வெள்ளைதான். அதன் எண் 2 பக்கம். எண்ணெயின் எண் அதை நெருங்க நெருங்கப் பூச்சு ஒளியைக் கூடுதலாக உள்ளே விடும். பழைய ஓவியங்களில் ஓவியர் பூசி மறைத்த உருவங்கள் வெளியே எட்டிப்பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே பிடிக்காத படகைப் படத்திலிருந்து எடுக்க வேண்டுமானால், மேலே வண்ணம் பூசாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே கத்தியால் சுரண்டிவிடுங்கள்.