மீட்டர் ஆடுகிறது, சத்தம் எங்கே?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டுக்கு ஒரு கணினி என்பது இன்னும் பல குடும்பங்களின் நடைமுறை. காலையில் அக்காளின் இணைய வகுப்பு, மாலையில் தம்பியின் விளையாட்டு, இரவில் செம்பனைத் தோட்டத்து வேலை முடித்து வந்த அப்பாவுக்குப் பழைய பாடல்கள், வெள்ளிக்கிழமையானால் பாட்டிக்கு அம்மன் பாடல்கள். இப்படி நாலு பேர் கைக்கு மாறும் கணினியில் அடிக்கடி மக்கர் செய்வது சத்தம்தான். திரை கெட்டால் எல்லாருக்கும் கெடும், வழக்கு முடிந்தது. சத்தமோ ஒருவருக்கு வரும், அடுத்தவருக்கு வராது. "நேற்று நான் உட்கார்ந்தபோது நன்றாகத்தானே இருந்தது?" என்ற சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் 'ஃபார்மட் அடிக்க வேண்டும்', அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். தலைவலி என்று வந்தவரிடம் காரணம் கேட்காமல் படுக்கையில் சேர்த்துவிடும் மருத்துவம் இது. ஒலி கணினிக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், எங்கே நின்றுவிட்டது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

கணினிக்குள் பாடல் என்பது வெறும் எண்களின் வரிசை. குறுவட்டுத் தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு, காது ஒன்றுக்கு 44,100 எண்கள். காணொளிகளில் பெரும்பாலும் 48,000. 16 பிட் என்றால் ஒவ்வோர் எண்ணும் 65,536 படிநிலைகளில் ஏதாவது ஒன்று. உலாவி, விளையாட்டு, அழைப்புச் செயலி என்று ஒரே நேரத்தில் பல நிரல்கள் எண்களை அனுப்பும். விண்டோஸ் போன்ற இயங்குதளம் அவற்றைக் கூட்டி ஒரே வரிசையாக்கி, அந்த நேரத்தில் எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறதோ அதற்கு அனுப்பிவிடும். அங்கே டிஏசி எனப்படும் சில்லு எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிறது. புள்ளி வைத்துக் கோலம் போடுவது போன்ற வேலை இது: புள்ளிகள் எண்களாக வந்து சேர, அவற்றை இணைக்கும் வளைகோட்டை மின்சுற்று இழுக்கிறது. அந்த மின்னழுத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர் சுருளுக்குள் செலுத்தினால், காந்தம் சுருளைத் தள்ளி இழுக்க, காகிதக் கூம்பு காற்றை அசைக்கிறது.

ஆக, டிஏசிக்கு முன்னால் எல்லாம் எண். பின்னால் எல்லாம் மின்சாரம். பழுது எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சொல்லிவிட ஒரு கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஒலி அமைப்புகளில் 'பிளேபேக்' என்ற பட்டியலைத் திறந்து, ஒரு பாடலை ஓடவிடுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் பக்கத்திலும் சிறு மீட்டர் இருக்கும். எந்த மீட்டரும் ஆடவில்லை என்றால் நிரலிலிருந்தே எண்கள் புறப்படவில்லை. பச்சைக் கட்டங்கள் ஏறி இறங்கினால் எண்கள் சரியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்தச் சாதனத்தின் பக்கத்தில் ஆடுகிறது என்று மட்டும் பாருங்கள். பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஏனென்றால், ஆடுவது பல நேரம் மானிட்டரின் மீட்டராக இருக்கும். எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சுமக்கிறது. மானிட்டர் 'எனக்கு ஒலியும் வரும்' என்று கணினியிடம் சொல்லிக்கொள்ள, கணினியும் நம்பி அனுப்பிவிடுகிறது. பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது. பின்புறம் ஹெட்ஃபோன் செருக ஒரு துளை மட்டும் இருக்கும். முந்தின இரவு தம்பி கணினியைத் தொலைக்காட்சியில் மாட்டிப் படம் பார்த்திருந்தாலும் இதே கதைதான். புளூடூத் இன்னும் மோசம். அண்ணனின் இயர்ஃபோன் அடுத்த அறையில் அவன் சட்டைப் பையில் விழித்திருந்தால், கணினி பழைய பழக்கத்தில் அதனுடன் போய் ஒட்டிக்கொள்ளும். அக்காளின் வகுப்பு அவன் பைக்குள் நடந்துகொண்டிருக்கும்.

மீட்டர் அசையவே இல்லையா? நிரல்களின் பக்கம் பாருங்கள். 2007-இல் வெளிவந்த விஸ்டா முதல், ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் தனி ஒலியளவு வைத்திருக்கிறது. 'வால்யூம் மிக்ஸர்' என்ற இடத்தில் அதைப் பார்க்கலாம். கைக்குழந்தை தூங்கும்போது யாரோ உலாவியை மட்டும் ஊமையாக்கியிருப்பார்கள். உலாவியிலும் ஒரு குறிப்பிட்ட தளத்தை மட்டும் ஊமையாக்க முடியும், அதையும் அது மறக்காது. காணொளித் தளத்துக்குள் இன்னொரு ஒலியளவுப் பட்டை. ஒன்றில் பாதி, அடுத்ததில் பாதி, மூன்றாவதில் பாதி என்று குறைத்தால் குறைப்புகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு சமிக்ஞை அநியாயத்துக்கு மெலிந்துவிடும். அதை ஈடுகட்ட ஸ்பீக்கரின் திருகைக் கடைசிவரை திருப்பினால், பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயரின்) சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகி 'உஸ்ஸ்' என்று கேட்கும். கணினியில் ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கரில் குறைத்து வைப்பதே நல்லது.

அழைப்பு வந்தால் பாட்டு திடீரென்று அடங்கிப்போவதும் பழுதில்லை. கணினி வழியாகப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைப்பது விண்டோஸின் பிறவிக்குணம். 'பிளேபேக்' பட்டியல் உள்ள அதே சாளரத்தில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட பழைய கணினிகளில் வேறொரு வேடிக்கை உண்டு. இப்போதைய லினக்ஸில் ஒலிச் சாதனத்தின் உரிமை, அந்த நேரத்தில் திரையில் இருக்கும் பயனர் கணக்குக்குப் போய்ச்சேரும்; ஆள் மாறினால் உரிமையும் மாறும். யாரோ சொன்னார்கள் என்று எல்லாரையும், ஒலிச் சாதனத்தை எப்போதும் தொட அனுமதிக்கும் 'ஆடியோ' குழுவில் சேர்த்துவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். முதலில் நுழைந்தவரின் ஒலிச் சேவை சாதனத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். அடுத்து உட்காருபவருக்கு 'டம்மி அவுட்புட்' (போலிச் சாதனம்) என்ற பெயர் மட்டுமே பட்டியலில் தெரியும். குழுவிலிருந்து அவர்களை நீக்கிவிட்டு மறுபடி உள்நுழைவதே பரிகாரம்.

இனி மின்சாரத்தின் பக்கம். எனக்குப் பிடித்த பழுது இங்கேதான் இருக்கிறது. தெரிந்த வீட்டுப் பாட்டி ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டிச் சொன்னார்: "பாட்டு வருகிறது தம்பி, பாடுகிறவரைத்தான் காணோம்." போட்டுப் பார்த்தேன். மேளம் கேட்டது, வயலின் கேட்டது, மண்டபத்து எதிரொலிகூடக் கேட்டது. குரல் மட்டும் கிணற்றடியில் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தது.

செருகும் முனையை உற்றுப் பார்த்தால் காரணம் புரியும். 3.5 மில்லிமீட்டர் முனையில் கறுப்புக் கோடுகள் பிரித்த உலோக வளையங்கள் இருக்கும். நுனி இடக்காதுக்கு, அடுத்தது வலக்காதுக்கு, அதற்கு அடுத்தது இரண்டு காதுகளுக்கும் பொதுவான திரும்பு வழி. அந்தப் பொதுவழி துண்டித்துவிட்டால் மின்னோட்டம் ஒரு காதுவழி புகுந்து மறு காதுவழியாகத்தான் வெளியேற முடியும். அப்போது கேட்பது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஒலிப்பதிவில் பாடகரின் குரலை வழக்கமாக நடுவில், இரு பக்கமும் சமமாக வைப்பார்கள். சமமானதைக் கழித்தால் பூச்சியம். ஆகவே குரல் அழிகிறது; பக்கவாட்டில் வைத்த வாத்தியங்கள் பிழைத்துக்கொள்கின்றன. கரோக்கேக்காகக் குரலை நீக்கும் எளிய மென்பொருள்கள் செய்யும் கணக்கும் இதுவே.

முனை முழுதாக உள்ளே போகாவிட்டாலும் இப்படி ஆகும். நான்கு தொடுபகுதிகள் கொண்ட மைக் வைத்த ஹெட்ஃபோன்களில் இன்னொரு சிக்கல்: பொதுவழியும் மைக்கும் இடம் மாறிய இரண்டு வகைகள் சந்தையில் இருந்தன. பழைய வகையைப் புதிய கணினியில் செருகினால் குரல் காணாமற்போகும்; கம்பியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரும்பி வரும். பொத்தான் மைக் கம்பியைப் பொதுவழியோடு சேர்த்துவிடுவதுதான் காரணம். பாட்டியின் ஹெட்ஃபோனில் பொத்தானே இல்லை. முனைக்கு அருகே கம்பியை வளைத்தபோது குரல் வந்து வந்து போனது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

நம் ஊர் ஈரக்காற்றும் தன் பங்கைச் செய்கிறது. துளைக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள் களிம்பு பிடித்து, தொடுகை கெடுகிறது. ஹெட்ஃபோன் செருகப்பட்டதை உணரும் சிறு ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால், வெறும் துளையைப் பார்த்துக் கணினி 'ஹெட்ஃபோன் இருக்கிறது' என்று நினைத்து ஸ்பீக்கரை அடைத்துவிடும். முனையைச் செருகி, பத்துப் பதினைந்து தடவை சுழற்றி எடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத முனகல் கேட்டால் அது வீட்டு மின்சாரத்தின் குரல். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சிறிய ஸ்பீக்கரில் நம் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் அதன் மடங்குகளான 100, 150. மடிக்கணினியும் பெருக்கியும் வெவ்வேறு சாக்கெட்டுகளில் இருந்தால் இரண்டின் புவி இணைப்புகளுக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலிக்கம்பியில் கலந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். புவி முனையை வெட்டிவிடச் சொல்லும் அறிவாளி ஊருக்கு ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டால் முனகல் நிற்கும். ஒரு நாள் பெருக்கியின் இரும்புப் பெட்டியே உயிருள்ள மின்கம்பியாகிவிடும்.

இணைய வகுப்பில் மட்டும் ஒலி தகரத்தில் தட்டியதுபோல் கேட்பது ஏன்? இது புளூடூத்தின் வேலை. பாட்டு கேட்கும்போது ஒரு திசையில் மட்டும் நல்ல தரத்தில் ஒலி வருகிறது. இயர்ஃபோனின் மைக்கையும் திறந்த உடனே, வழக்கமான இயர்ஃபோன்கள் தொலைபேசி முறைக்குத் தாவி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 எண்களோடு ஒற்றை ஒலியாகச் சுருங்கிவிடுகின்றன. எண்களின் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதிய முடியாது. 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸோடு சரி. 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுத்தால் இயர்ஃபோன் நல்ல தரத்திலேயே இருக்கும்.

மாலை இடிமழைக்குப் பிறகு ஒலிச் சாதனம் பட்டியலிலிருந்தே மறைந்துபோனால், அந்தச் சாதனத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஒருமுறை மறுபடி நிறுவிப் பாருங்கள். அப்போதும் தலைகாட்டவில்லை என்றால் மின்னல் ஒலிச் சில்லைக் கொண்டுபோயிருக்கலாம். அதற்காகத் தாய்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. விரல் நீள யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்றில் தனி டிஏசி இருக்கிறது. செருகினால் புதிய சாதனமாகப் பட்டியலில் சேர்ந்துவிடும். சாதனத்தின் பண்புகளில் பெயரை மாற்றவும் விண்டோஸ் அனுமதிக்கிறது. 'அண்ணன் இயர்ஃபோன்', 'ஹால் டிவி', 'பாட்டி ஸ்பீக்கர்' என்று எழுதி வையுங்கள்.