ஸ்கேனில் தெரிந்தது கட்டி, புற்றுநோய் என்று யார் சொன்னது?

பயாப்ஸிக்குக் காத்திராமல் அனுப்பிவைக்கப்பட்ட நாயின் ஈரல் என்னிடம் சோதனைக்கு வருவது, இந்த மாதத்தில் இது மூன்றாவது. 13 வயது நாய். ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. என்ற நொதி கூடியிருந்ததாம். ஸ்கேன் எடுத்தார்கள், ‘கல்லீரல் முழுக்கக் கட்டி’ என்று வந்தது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயை, பின்னால் வலியில் துடிக்க வேண்டாமே என்று மறுநாளே ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள்.

என் மேசையில் ஈரலைச் சீவிப் பார்த்தேன். மிளகு முதல் கோலிக்குண்டு அளவு வரை உருண்டைகள், சுற்றியிருந்த ஈரலைவிடச் சற்று வெளிறி, தொட்டால் அதே மென்மையுடன். நுண்ணோக்கியில் கொழுப்பு ஏறிய சாதாரண ஈரல் செல்கள்தான். முடிச்சு மிகைவளர்ச்சி, புற்று அல்ல. முகவாய் நரைப்பதுபோல வயதானால் வருவது. 14 வயது தாண்டிய நாயின் ஈரலில் இது இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். ஏ.எல்.பி.யை ஏற்றிவிடுவதும் இதுவேதான்.

கட்டி என்பது உருவம். புற்றுநோய் என்பது செல்லின் குணம். ஸ்கேன் காட்டுவது உருவத்தை மட்டும். மிகைவளர்ச்சி, அடினோமா (சாதுவான கட்டி), கார்சினோமா (புற்று), வேறு உறுப்பிலிருந்து பரவியது, நான்கும் திரையில் ஒன்றுபோலத் தெரியலாம். அறிக்கையில் ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்று எழுதினால், அந்த ‘லாம்’ மட்டும் வீடு போய்ச் சேர்வதே இல்லை.

சரி, புற்றுநோயாகவே இருக்கட்டும். நாய்களில் ஈரல் செல்லிலேயே தோன்றும் புற்றில் பாதிக்கு மேல் ஒரே மடலில் ஒற்றைப் பெருங்கட்டியாக வளரும் ரகம். அந்த மடலை வெட்டியெடுத்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஓடியாடிய நாய்கள் உண்டு. ஈரலெங்கும் சிதறியது, மண்ணீரலிலிருந்து பரவியது எல்லாம் வேறு கதை, அதில் நான் பொய் நம்பிக்கை தரமாட்டேன். பூனையின் ஈரலில் நீர்ப்பைகள் கொத்தாகத் தெரிந்தாலும் பயந்துவிடாதீர்கள், பல நேரம் அது பித்தநாளத்தில் வரும் சாதுவான கட்டி.

அப்புறம், சோதனைக்குச் செல் எடுக்க ‘ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்’ என்ற பயம். அது மிக அரிது. உண்மையில் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்காமல் யாரும் குத்தக் கூடாது, பார்த்தார்களா என்று கேளுங்கள். நுண்ணூசியில் வரும் நாலு செல்லை வைத்து மிகைவளர்ச்சியையும் சாதுபோல் தோன்றும் புற்றையும் பிரிப்பது எனக்கே கஷ்டம். சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டும்.

நாய் திடீரென்று சுருண்டு, ஈறு வெளுத்து, வயிறு உப்பினால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஓடுங்கள். உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். மற்றபடி தயவுசெய்து, பயாப்ஸி முடிவு வரும்வரை பொறுங்கள்.

சக மருத்துவர்களுக்கு ஒன்று: மாத்திரை டப்பாவில் கைப்பிடி ஈரலைத் திணித்து அனுப்பாதீர்கள். 1 செ.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம், துண்டைப்போல் 10 மடங்கு ஃபார்மலின் ஊற்றுங்கள். நடுவில் அழுகி வந்ததைப் பார்த்து நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.