கல்லடி இருட்டு

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் தோட்டத்து மாதா கோயிலுக்குப் பின்னால் ஆளுயரக் கல் ஒன்று நட்டபடி நிற்கிறது. பக்கத்தில் இரண்டு மண்மேடு. பெரியவர்கள் முனி கல் என்கிறார்கள். சுற்றிவரக் குரோட்டன் நட்டு அழகாக வைத்திருக்கிறோம். எந்தக் காலத்துக் கல் என்று கண்டுபிடிக்கலாமா?”

கல்லின் வயது இப்போதே சொல்லலாம். மலைநாட்டுப் பாறைகள் பூமிக்குள் வெந்து உருமாறியே சுமார் 55 கோடி ஆண்டு இருக்கும். நமக்கு வேண்டியது அதை நட்ட நாள். நட்டது ஆதிகாலத்து மனிதரா, கோப்பிக் காலத்துத் துரை எல்லைக்கு நட்டதா? மேட்டுக்குள் கரி கிடைத்தால் கார்பன் 14 (கரியில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்வது) போதும். தம்புள்ளைக்குப் பக்கத்து இப்பன்கட்டுவையில் உள்ள கற்பலகைக் கல்லறைகளைக் கி.மு. 700–400 காலத்தவை என்பது அப்படித்தான். கரியே இல்லாவிட்டால்?

சரி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். குழி தோண்டிக் கல்லை இறக்கி மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். அந்த மண்ணில் குவார்ட்ஸ் மணல் இருக்கும். ஓடையில் மினுங்குமே, அதேதான். சுற்றியுள்ள யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் அதன்மேல் ஓயாமல் கதிர் வீசும். (தோரியனைட் என்ற கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததே நம் பலாங்கொடைப் பக்கத்துச் சரளையிலிருந்துதான்!) கதிர் பட்ட எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, படிகத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளில் மாட்டிக்கொள்ளும். இருட்டு நீடிக்கும்வரை கூட்டம் கூடிக்கொண்டே போகும். வெயில் பட்டால் சில நிமிடங்களில் எல்லாம் காலி. ஆக, வெயிலில் உலர்ந்த மண்ணால் குழியை மூடிய அன்று கணக்கு பூச்சியம்.

வெளிச்சம் படாமல் குழாயில் எடுத்த அந்த மணலை, பழைய ஸ்டூடியோ இருட்டறை மாதிரி மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பிரித்து, நீல ஒளி பாய்ச்சுகிறார்கள். மாட்டியிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு, மணல் மெல்ல ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புற ஊதா மினுக்கம்தான் இத்தனை காலத்து இருட்டின் கணக்கு! மொத்தம் வாங்கிய கதிர் 7.5 கிரே (கதிரை அளக்கும் அலகு; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிகிரே), ஆண்டுக்கு 3 மில்லிகிரே என்று வைத்துக்கொண்டால், 2,500 ஆண்டு. 1985இல் கனடாவில் டேவிட் ஹன்ட்லி குழுவினர் காட்டிய வழி இது.

புதையல் பைத்தியம் பிடித்தவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சேவல் அறுத்து, எலுமிச்சம்பழம் வைத்து, நடுச்சாமத்தில் தோண்டுகிறார்கள். ஒன்றும் கிடைக்காமல் குழியைத் திறந்தபடி விட்டுப் போய்விடுகிறார்கள். விடிந்ததும் வெயில் பட்ட மண்ணில் கணக்கு அழிந்துபோகும்.

அப்புறம், அந்தக் குரோட்டன். மண்வெட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று நட்டவரிடம் கேட்டு எழுதுங்களேன்.