கம்பி தொய்ந்தால்தான் ஒடியும்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர் மொபெட்டுக்கு மாறியபோது, தன் பழைய சைக்கிளை எனக்குத் தந்துவிட்டார். 22 அங்குல ஃபிரேம், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், இரண்டு பக்கமும் கேன் மாட்டக் கொக்கி வைத்த கனத்த கேரியர். ஃபிரேமில் மேல் துருதான். பின்சக்கரம்தான் பரிதாபமாக இருந்தது. 40 போக்ஸ் கம்பியில் ஏழு இல்லை. மிச்சத்தில் பாதி, விரலால் அசைத்தாலே ஆடியது. "பாரம் அப்படில்லா ஏத்துனேன், கம்பி என்ன செய்யும்?" என்றார் பால்காரர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முருகன்குறிச்சிப் பக்கம் வேப்பமர நிழலில் கடை போட்டிருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார். "இது பாரத்துல ஒடியல தம்பி. தொய்ஞ்சு கெடந்ததுனால ஒடிஞ்சிருக்கு. இறுக்கிக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும்" என்றார்.

இறுக்கினால் அறும், தளர்த்தினால் தப்பும் என்றுதானே எல்லாக் கயிற்றிலும் பார்க்கிறோம். தொய்ந்த கம்பி எப்படி ஒடியும்? இந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. விடை தேடிப் போனதில், சைக்கிள் சக்கரம் நிற்கிற விதமே விளங்கியது.

மாட்டு வண்டிச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை. வண்டியின் பாரம் குடத்தை அழுத்துகிறது. குடம் தனக்குக் கீழே நிற்கும் ஆரக்காலை அழுத்துகிறது. ஆரக்கால் தரையோடு இருக்கும் வட்டையை அழுத்துகிறது. வீட்டுத் தூண் கூரையைச் சுமக்கிற அதே முறை. அதனால்தான் ஆரக்கால் கைத்தடிமனுக்கு மரமாக இருக்கிறது.

போக்ஸ் கம்பியின் கனம் 2 மி.மீ. ஒரு கம்பியைத் தரையில் நிறுத்தி மேலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள், உடனே வளைந்துகொடுக்கும். அது தூணாக நிற்கவே நிற்காது. அதற்குத் தெரிந்தது இழுப்பது ஒன்றுதான். இழுக்க மட்டுமே தெரிந்த கம்பி எப்படிப் பாரத்தைத் தாங்குகிறது? மேலே இருக்கும் கம்பிகளில் குடம் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. சைக்கிளில் ஆள் ஏறி உட்காரும்போது மேல் கம்பிகளின் இறுக்கம் கிட்டத்தட்ட மாறுவதேயில்லை. தரைக்கு நேரே இருக்கும் நாலைந்து கம்பிகள் மட்டும் இறுக்கம் குறைகின்றன.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நன்றாகக் கட்டிய சக்கரத்தில், ஆள் ஏறுவதற்கு முன்பே ஒவ்வொரு கம்பியும் 60 முதல் 100 கிலோ தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பில் இருக்கிறது. 40 கம்பியின் இழுப்பையும் கூட்டினால் மூன்று டன் அளவுக்கு வரும். அத்தனையும் எல்லாப் பக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, ரிம்மை உள்நோக்கி நெருக்கியபடி அமைதியாக நிற்கின்றன. நான்கு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்திய பந்தல்கால் போலத்தான் குடம் நடுவில் நிற்கிறது. இப்போது பாரம் ஏறுகிறது. தரையைத் தொடும் இடத்தில் ரிம் மயிரிழை அளவு தட்டையாகிறது. அங்கே உள்ள கம்பிகளின் இறுக்கம் அந்த அளவுக்குக் குறைகிறது. மேலே இழுப்பது அப்படியே இருக்க, கீழே இழுப்பது குறைந்துவிட்டதல்லவா? குடத்தை மேல்நோக்கித் தூக்கும் விசை மிச்சமாகிறது. அந்த மிச்சம்தான் நம் பாரத்தைச் சுமக்கிறது. கீழ்க்கம்பிகள் ஆரக்கால் செய்த வேலையையே செய்கின்றன. ஆனால் தள்ளிச் செய்வதில்லை, இழுப்பைக் குறைத்துக்கொண்டு செய்கின்றன.

ஆக, கம்பியிடம் குறைப்பதற்குக் கையிருப்பு வேண்டும். இறுக்கமாகக் கட்டிய கம்பி 80 கிலோவிலிருந்து 60க்கு இறங்கி, சக்கரம் சுற்றியதும் மறுபடி 80க்கு ஏறும். அதற்கு ஒன்றும் ஆகாது. தொய்வாகக் கட்டிய கம்பியில் இருப்பதே 15 கிலோதான் என்றால், பால் கேன் ஏறியதும் அது முழுக்கத் தளர்ந்து, குடத்தின் ஓட்டையில் லொடலொடவென்று ஆடும். அடுத்த அரைச் சுற்றில் வெடுக்கென்று இழுபடும். ஒவ்வொரு சுற்றிலும் கம்பியின் வளைந்த கழுத்து கொஞ்சம் மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதே வேலைதான் மெதுவாக நடக்கிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் போகும். கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. தினம் 10 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்கு 16 லட்சம் முறை அந்தக் கழுத்து மடங்குகிறது. உலோகச் சோர்வு என்பது இதுதான்.

அண்ணாச்சியின் டப்பாவிலிருந்த ஒடிந்த கம்பித் துண்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் கழுத்திலேயே ஒடிந்தவை. ஒடிந்த முகத்தில் பாதிக்கு மேல் மங்கலாக, வழுவழுப்பாக இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சொரசொரவென்று பளபளத்தது. வழுவழுப்பான பகுதி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்த விரிசல். பளபளப்பான ஓரம், கடைசி நாளில் பட்டென்று விட்ட மிச்சம். பால்காரர் அன்றைக்குக் கேட்ட சத்தம் அந்த ஓரத்தின் சத்தம் மட்டும்தான்.

சக்கரத்தை முழுசாகப் பிரித்துப் புதுக் கம்பி போட்டோம். கம்பியைக் குடத்திலிருந்து ரிம்முக்கு நேராக ஓட்டாமல், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுகிறோம். பெடலை மிதிக்கும்போது செயின் குடத்தைத் திருப்புகிறது. நேர்க்கம்பியாக இருந்தால் குடம் கொஞ்சம் முறுக்கிக்கொண்ட பிறகுதான் ரிம் நகரும். குடத்தின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் கோட்டில் கம்பி இருந்தால், மிதித்த உடனே பாதிக் கம்பிகள் ரிம்மைப் பிடித்து இழுக்கும். இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. இன்றைக்கும் முருகன்குறிச்சி மரத்தடியில் அதைத்தான் பின்னுகிறார்கள்.

பின்னியதும் கோட்டம் எடுக்க வேண்டும். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடப்பக்க நிப்பிளை, அதாவது கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்து நிறுத்தும் குட்டித் திருகை, இறுக்க வேண்டும், அல்லது வலப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். இந்தக் கம்பியின் மரை மிக நெருக்கமானது, அங்குலத்துக்கு 56. நிப்பிளைக் கால் சுற்று திருகினால் கம்பி இழுபடுவது 0.11 மி.மீ. மட்டுமே. நான் அவசரப்பட்டு ஒரே இடத்தில் இரண்டு சுற்றுத் திருகிவிட்டேன். ரிம் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. "ஒரு எடத்துலயே நிக்காதிய தம்பி. சுத்திச் சுத்தி எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க" என்று அண்ணாச்சி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

இறுக்கத்தை அவர் அளப்பது காதால். ஆணியால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுவார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுரத்தில் பேச வேண்டும். கம்பியின் நீளமும் கனமும் ஒன்றாக இருந்தால், அதன் சுரம் இறுக்கத்தின் இருமடி மூலத்தைப் பொறுத்து ஏறும். இறுக்கம் நாலு மடங்கானால் சுரம் இரண்டு மடங்கு. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிப் பழகிய ஊருக்கு இது புதிதில்லை என்று தோன்றும். ஆனால் தூணில் சுரத்தைத் தீர்மானிப்பது கல்லின் விறைப்பும் பருமனும் நீளமும். கம்பியில் அதை நாம் நிப்பிள் சாவியால் மாற்றிக்கொள்ளலாம். அதனால் நரம்பு வாத்தியத்துக்குத்தான் சக்கரம் நெருங்கிய சொந்தம்.

சக்கரம் முடிந்ததும் பற்களுக்கு வந்தோம். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. 44ஐ 18ஆல் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5.4 மீட்டர் போகிறது. பால்காரருக்கு அது சரிப்பட்டிருக்கலாம். நான் போக வேண்டியது பாளையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு, ஆறேழு கிலோமீட்டர். வண்ணார்பேட்டை கடந்து, 1843இல் கட்டி முடித்த சுலோச்சன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி, ஜங்ஷன் நெரிசலில் பத்து தடவை நின்று, ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கி, டவுன் ஆர்ச். நின்று கிளம்புவதுதான் அதிகம். அதற்கு 18 பல் கனம். 22 பல் ஃப்ரீவீல் போட்டேன். இப்போது ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர்.

இந்த நாலு பல்லால் என்ன மிச்சம்? 30 அடி போனால் 1 அடி ஏறும் சரிவை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் 90 கிலோ. சரிவும் டயரின் உரசலும் சேர்ந்து பின்னுக்கு இழுப்பது சுமார் 3.7 கிலோ விசை. பெடல் ஒரு சுற்றில் போகும் வட்டம் ஒரு மீட்டர்தான், சைக்கிள் போவதோ 5.4 மீட்டர். ஆகவே பெடலை அழுத்த வேண்டியது அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல், சராசரியாக 20 கிலோ. 22 பல்லில் அது 16 கிலோவாகிறது. வேலை குறையவில்லை, அதே வேலையைக் கூடுதல் சுற்றில் பிரித்துச் செய்கிறோம். ஆனால் முழங்காலுக்கு அந்த 4 கிலோ பெரிய விஷயம். விலை கூடிய கியர் சைக்கிளை நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு பாலம்தான் ஏற்றம், மற்றதெல்லாம் சமதரை. ஒரே கியர், சரியான பல்லோடு, போதும்.

பல் கூடினால் செயின் போதாது. நாலு பல் கூடினால் செயினுக்கு இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூடுதலாக வேண்டும். சைக்கிள் செயினில் அகலக் கண்ணியும் ஒடுக்கக் கண்ணியும் மாறி மாறி வருவதால் கூட்டுவதும் குறைப்பதும் எப்போதும் ஜோடியாகத்தான். நல்ல வேளை, இங்கே கணக்கு ஒரு ஜோடியாகவே வந்தது.

சீட்டு உயரத்துக்கு ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1967இல் சொன்ன கணக்கு இருக்கிறது. கால் கவட்டிலிருந்து தரைவரை உள்ள அளவில் 109 சதவீதம், பெடல் கீழே இருக்கும்போது அதிலிருந்து சீட்டின் மேல்வரை இருக்க வேண்டும். எனக்கு 80 செ.மீ., ஆக 87. நெரிசலில் கால் ஊன்ற வேண்டும் என்பதற்காக 3 செ.மீ. குறைத்துக்கொண்டேன். அதற்கு மேல் தாழ்த்தக் கூடாது. முழங்கால் மடங்கிய நிலையிலேயே மிதிப்பதால்தான் பலருக்கு மூட்டு வலிக்கிறது.

இனி காற்று. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வெறுங்காற்று நம் பக்கம் இறங்குகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. பாளையிலிருந்து டவுன் மேற்கே. காலையில் போகும்போது எதிர்க்காற்று. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. இந்த வேகம் ரோட்டுக்கு நாம் போகிற வேகமில்லை, காற்றுக்கும் நமக்கும் இடையிலான வேகம். 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் காற்று வந்தால், உடம்பு உணர்வது 32. தடை ஏழு மடங்கு. சமதரையிலேயே மேம்பாலம் ஏறுகிற மாதிரி. 22 பல்லின் முழு அருமை எனக்கு ஆடியில்தான் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார வைக்கும் அந்த ஹேண்டில்பாரைத் தாழ்வானதாக மாற்ற ஆசைப்பட்டேன். ராடு பிரேக்கின் கம்பிகள் ஹேண்டில்பாரோடு பிணைந்தவை. அதை மாற்றினால் பிரேக்கையும் மாற்ற வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன். நெரிசலில் தலை நிமிர்ந்து பார்ப்பதற்கு அது தோதுதான்.

டயரில் காற்று குறைந்தால் எதிர்க்காற்றில்லாத நாளிலும் சைக்கிள் இழுக்கும். பின்சக்கரத்தின் மேல் 60 கிலோ இருந்து, டயரில் 40 பவுண்டு காற்று இருந்தால் தரையில் படியும் பரப்பு சுமார் 21 சதுர செ.மீ. 20 பவுண்டுக்கு இறங்கினால் பரப்பு இரட்டிப்பு. அத்தனை ரப்பரும் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர வேண்டும். நசுக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் முழுசாகத் திருப்பித் தருவதில்லை, கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஐப்பசி மழையில் பாலத்திலிருந்து இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்தும் சைக்கிள் நிற்காமல், செருப்பைத் தேய்த்து நிறுத்தியிருக்கிறேன். இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து, ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்துக்கொள்வது இப்போது என் வழக்கம். புதுசாகச் சக்கரம் கட்டுகிறவர்கள், சைஸ் கிடைத்தால், அலுமினிய ரிம்முக்குப் போய்விடுங்கள். மழையில் அது எவ்வளவோ மேல்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணாச்சி கூப்பிட்டார். "ஒரு மாசம் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க. கம்பி கழுத்து குடத்துல பதிஞ்சு, நிப்பிள் ரிம்முல உக்காந்து, கொஞ்சம் தொய்வு விழும். ஒருவாட்டி இறுக்கிட்டா பொறவு தொட வேண்டாம்." ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோனேன். ஆணியால் சுண்டிக்கொண்டே சுற்றினார். செயின் பக்கத்தில் நாலு கம்பி தாழ்ந்த சுரத்தில் பேசின. ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்றுக் கொடுத்தார்.